கறிக்கோ, கழிப்புக்கோ

"கறிக்கோ, கழிப்புக்கோ?"
திருநெல்வேலிச் சந்தையில் வசந்தமலர் அக்கா கேட்டா.
கழிப்பென்றால் நீற்றுப்பூசணி,
அது அங்காலை, வெங்காயக் கடைக்குப் பின்னால்.

முகத்துக்கு, என்றேன்.

தராசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தா.
"அரைச்சுப் பூசுறதோ தம்பி?"

இல்லை அக்கா, ஹோட்டலுக்கு.
முப்பத்தோராம் திகதி லண்டன் ஆக்கள் பதினெட்டுப் பேர்.
ஹலோவீன் எண்டு ஒரு பேய்நாள்.
கண், மூக்கு, பல்லு வெட்டி
உள்ளுக்கை விளக்கு வைக்கிறது.

"பேயைக் கலைக்கவோ, கூப்பிடவோ?"

அதை மனேச்சரிட்டைத்தான் கேட்கவேணும்.

மனேச்சர் போனில் காட்டியது செம்மஞ்சள்,
பந்துபோல் உருண்டு, காம்பு நிமிர்ந்தது.
சந்தையில் கிடந்தவை
விசுவமடுவிலிருந்து லொறியில் குலுங்கி வந்தவை.
தட்டை. பச்சை. மேலெல்லாம் தேமல்.
மண்ணில் படுத்த பக்கம் மட்டும்
நோயாளியின் கன்னம்போல் வெளிறி.

தட்டித் தட்டிப் பார்த்தேன்.
கறிக்கென்றால் கனமானது.
முகத்துக்கு, உள்ளே ஒன்றும் இல்லாதது.
வெறும் காயைத் தேடி
அரைமணித்தியாலம் குந்தியிருந்தது
பிறந்ததுக்கு அதுதான் முதல்தரம்.
சதையில்லாததுக்கு விலை குறையுங்கோ, என்றேன்.
"நிறுக்கிறதுதான் என்ரை வேலை,
குடையிறது உன்ரை" என்றா.
பன்னிரண்டு. ஓட்டோவில் என் மடியில் இரண்டு.

குசினியில் மரியநாயகம் அண்ணை
பாரை வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார்.
மூடி திறந்தார். கரண்டியால் வழித்தார்.
தும்பும் விதையும் ஒரு வாளி.
விதையைச் சர்மினி கழுவி
வெயில் இல்லாத முற்றத்தில் காயப்போட்டாள்.
தோண்டிய சதை எங்களுக்கு.
மூன்று நாளும் பூசணிக்கறி,
நாலாம் நாளும்.

வாய் வெட்டுவதில் அவருக்கு நிகரில்லை.
ஒன்றுக்குச் சுறாப்பல்லு,
ஒன்றுக்கு எங்கள் மனேச்சரின் முன்பல்லு இடைவெளி.
சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.
மூக்கும் வெட்டினார்.
பிறகு கத்தியை என்னிடம் நீட்டினார்.

"கண் நீ வெட்டு."

கண்தானே லேசு அண்ணை, இரண்டு முக்கோணம்.

கையைத் துடைத்தார். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார்.
"பள்ளிக்கூட மைதானத்திலை எங்களை வரிசையா விட்டவங்கள்.
கதிரையிலை ஒருத்தன். தலைக்கு உரப்பை.
அதிலை ரெண்டு ஓட்டை.
தலையாட்டினா லொறி. ஆட்டாட்டி வீடு.
எனக்கு ஆட்டேல்லை.
ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது.
கண்தான் தெரிஞ்சது.
ஈரமா இருந்தது."

அரிசி ஊறிவிட்டது என்று போய்விட்டார்.

பன்னிரண்டுக்கும் நான்தான் வெட்டினேன்,
இருபத்துநாலு கண்.
முக்கோணம் வேண்டாமென்று வட்டமாய் வெட்டினேன்,
வட்டம் இன்னும் மோசம்.
கடைசியில் சிலதுக்குச் சும்மா கீறல்,
நித்திரை கொள்ளுகிற மாதிரி.
"இதென்ன, பேய் தூங்குதோ?" என்றார் மனேச்சர்.

முப்பத்தோராம் திகதி பின்னேரம்
மழை தூறிவிட்டு நின்றது.
மதிலில் வரிசையாய் வைத்தோம்.
மெழுகுதிரி மரியநாயகம் அண்ணையுடையது.
இரண்டாம் திகதி சேமக்காலைக்கென்று
குருநகரில் வாங்கி வைத்திருந்த கட்டு.
ஹோட்டல் சொன்ன விளக்கு கொழும்பிலிருந்து வரவில்லை.

லண்டன் பிள்ளைகள் முகத்தில் மாப்பூசி
கத்திக்கொண்டு ஓடின.
வாசல் மூலையில் இருந்த ஒன்றுக்கு
அடி சரியில்லை.
கடல்காற்று அடிக்க அடிக்க,
வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து
மெல்ல, மிக மெல்ல,
ஆம் என்றது.

கட்லட் தட்டோடு வந்த மரியநாயகம் அண்ணை
அப்படியே நின்றார்.

சோடாப் பெட்டியில் ஒரு துண்டு கிழித்தேன்.
இரண்டாய் மடித்து, பிறகு நாலாய் மடித்து
அடியில் செருகினேன்.

அவர் வந்து ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.
ஆடேல்லை.

"கட்லட் ஆறுது" என்று
உள்ளே போனார்.